ஜிப்ஸிக்குள் ஒரு இரும்புக் கூடு: ரோல் கேஜ் கட்டிய அனுபவம்

நண்பர் ராலி ஓட்டுவதற்காகப் பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றை வாங்கினார். 1300 சிசி, எம்பிஎஃப்ஐ இன்ஜின், துணிக்கூரை. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃப்ரென்ஷியல் எல்லாம் நன்றாகவே இருந்தன. முன் சீட்டுகளுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு ரோல் பாரும், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க வைக்கும் பைப் வளைவும் நின்றது, பாலிஷ் போட்ட எஸ்எஸ் பைப்பில். "கேஜ் இருக்குது மாப்ள, மேல பேடிங் மட்டும் சுத்தினாப் போதும்" என்றார்.

கழற்றிப் பார்த்தோம். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிற பைப். சுவர்க் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தரைத் தகட்டில் சின்னச் சின்ன போல்ட்டுகள், அடியில் வெறும் வாஷர். போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு ஏற்கெனவே விரிந்து கிழியத் தொடங்கியிருந்தது. வண்டி உருண்டிருந்தால் அந்த வளைவு தரையிலிருந்து பிய்ந்து ஓட்டுபவரின் தலைமேலேயே விழுந்திருக்கும். ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் அழகுக்காகப் போடும் ரோல் பார்களில் பல இந்த ரகம்தான். வாங்குபவர் அதை நம்பி மலைப்பாதையில் ஓட்டுகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

அதனால் ஆளைச் சுற்றி நிற்கும் முழு பைப் கூட்டையும், அதாவது ரோல் கேஜை, புதிதாகக் கட்டினோம். வேலை நடந்தது கோயம்புத்தூரில், பந்தய வண்டி வேலை தெரிந்த ஒரு வெல்டர் அண்ணனின் பட்டறையில். அளவெடுப்பது, வரைவது, பேடிங், சீட், பெல்ட் எல்லாம் என் பொறுப்பு. பைப் வளைப்பும் வெல்டிங்கும் அவருடையவை.

ஜிப்ஸிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதற்கு மேல்பாகம் என்று ஒன்று கிடையாது. கூரை துணி. முன்கண்ணாடிச் சட்டம் மெல்லிய தகடு. வண்டி உயரம், சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு. சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து தரும் கொஞ்ச நஞ்சப் பாதுகாப்பும் இதில் இல்லை. கவிழ்ந்தால் தரைக்கும் தலைக்கும் நடுவே இருப்பது நாம் கட்டுகிற பைப் மட்டுமே.

பைப் வாங்கிய கதை

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வெளியிடும் அப்பெண்டிக்ஸ் ஜே என்ற விதித்தொகுப்பில் 253ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பு வேலைகளுக்கானது. அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். மெயின் ஹூப், அதாவது முன் சீட்டுகளுக்குப் பின்னால் குறுக்காக நிற்கும் பெரிய வளைவுக்கு, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் குறைந்தபட்சம். மற்ற முக்கியக் குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. பொருள், கோல்டு டிரான் சீம்லெஸ் கார்பன் ஸ்டீல், அதாவது குளிர்நிலையில் இழுத்து, ஒட்டுக்கோடு இல்லாமல் செய்த பைப். இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. கடைக்காரரிடம் சிடிஎஸ் பைப் என்று கேட்டால் புரியும்.

45ஆ 50ஆ என்பதில் கொஞ்சம் யோசித்தோம். கணக்குப் போட்டால் 50க்கு 2 பைப் மீட்டருக்கு 2.4 கிலோ, 45க்கு 2.5 பைப் 2.6 கிலோ. வளைவை எதிர்க்கும் விறைப்பும் 50இல் சுமார் 15 சதவீதம் அதிகம். காகிதத்தில் 50தான் ஜெயிக்கிறது. ஆனால் ஜிப்ஸியின் உள்ளே இடம் குறுகல். பைப் எவ்வளவு பருமனோ அவ்வளவு தலைக்கு நெருங்கும். மெல்லிய சுவர் கல்லிலோ மரத்திலோ அடிபட்டால் சீக்கிரம் குழிவிழும், குழிவிழுந்த இடத்தில் பைப் மடங்கிவிடும். இரண்டையும் வைத்து 45க்கு 2.5 என்று முடிவெடுத்தோம். மற்றதெல்லாம் 38க்கு 2.5.

பைப் கடையில் மூன்று ரகம் காட்டினார்கள். ஜிஐ பைப் தண்ணீருக்கானது. துத்தநாகப் பூச்சு இருப்பதால் வெல்டிங் வைக்கும்போது வரும் புகையும் கெடுதல், தையலும் சரியாகப் பிடிக்காது. ஈஆர்டபிள்யூ பைப் தகட்டைச் சுருட்டி ஓரங்களைப் பற்றவைத்தது, அதற்குள் விரலை விட்டால் நீளவாக்கில் ஒரு தடிப்பு தட்டும், அதுதான் அதன் வெல்டிங் கோடு. மூன்றாவது சிடிஎஸ். அதற்கு மில் சர்டிபிகேட், அதாவது தயாரித்த ஆலையின் தரச்சான்று, கேட்டு வாங்கினோம், பைப்பில் அச்சடித்த ஹீட் நம்பரும் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) சான்றிதழில் இருந்ததும் ஒன்றுதானா என்று பார்த்தோம். அப்புறம் வெர்னியரை வைத்து ஒவ்வொரு பைப்பின் முனையிலும் கனத்தை அளந்தோம். கடைக்காரருக்குக் கொஞ்சம் சலிப்புதான். ஆனாலும் இதைச் செய்தே ஆகவேண்டும். கட்டி முடித்து பெயின்ட் அடித்த பிறகு எந்த பைப்பும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகு பைப் போடலாமே என்று கேட்டவர்களும் உண்டு. எடை குறையும், வாஸ்தவம். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி அது கடினமாகி வெடிக்காமல் இருக்க, சூட்டை மிகக் கவனமாகக் கையாள வேண்டும். நம் பட்டறைச் சூழலில் சாதாரண கார்பன் ஸ்டீலே நம்பகமானது என்பது என் முடிவு. அது முறிவதற்கு முன் நன்றாக வளைந்து கொடுக்கும், அந்த வளைவே விசையை வாங்கிக்கொள்ளும்.

வளைப்பு

மெயின் ஹூப் ஒரே பைப்பாக, நடுவில் ஒட்டில்லாமல் இருக்க வேண்டும். வளைவின் ஆரம் மையக்கோட்டில் பைப் விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு, அதாவது 45 மி.மீ. பைப்புக்கு 135 மி.மீ. மணலை நிரப்பி, காஸ் கட்டரால் சூடேற்றி வளைப்பது பழைய பட்டறை வழக்கம். அது இங்கே ஆகாது. சூடேறிய இடத்தில் இரும்பின் குணம் மாறும், வளைவின் வெளிப்பக்கம் கனம் குறையும். குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும். பிளம்பர்கள் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பெண்டர் பைப்பை நடுவில் அமுக்கி உட்பக்கம் சுருக்கம் விழ வைக்கிறது. பைப் நசுங்காமல் உள்ளிருந்து தாங்கும் மேன்ட்ரல் உள்ள மெஷினில் கொடுத்து வளைத்து வாங்கினோம்.

வந்ததும் வளைவுகளில் வெர்னியரை வைத்தோம். வளைக்கும்போது வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாவது இயல்பு. குறுகிய விட்டத்தை அகன்ற விட்டத்தால் வகுத்தால் 0.9க்குக் குறையக் கூடாது என்பது விதி. நமக்கு 42.5க்கு 46 வந்தது, 0.92. சரி.

ஹூப்பின் வடிவத்தை பைப் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டோம். ஓட்டுபவரையும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவரையும் அவர்களுடைய பக்கெட் சீட்டில், ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கி உட்கார வைத்து, மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்துக் கூட்டின் மாதிரியைக் காட்டிப் பார்த்தோம். கோ-டிரைவர் உயரமானவர். உருளும்போது பெல்ட் கொஞ்சம் நீளும், உடம்பு சீட்டிலிருந்து எழும்பும், கழுத்தும் நீளும். ஆகவே சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஹெல்மெட்டுக்கும் பைப்புக்கும் இருக்கும் இடைவெளியை நம்பக் கூடாது. சீட்டை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினோம். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த பைப்பையும் எவ்வளவு வெளியே, கதவுப் பக்கமாகத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினோம். பேடிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காலி இடத்துக்கு ஈடாகாது.

கால் எங்கே ஊன்றுவது

ஜிப்ஸி லேடர் சேஸிஸ் வண்டி, அதாவது அடியில் ஏணி வடிவ இரும்புச் சட்டம் தனியாக உண்டு. பாடி அதன்மேல் ரப்பர் புஷ் வைத்த போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டின் கால்களைச் சேஸிஸில் வைப்பதா பாடித் தரையில் வைப்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. சில கால்களைச் சேஸிஸிலும் சிலவற்றைப் பாடியிலும் வைத்தால், ரப்பர் புஷ்ஷில் பாடி ஆடும்போதெல்லாம் கூடு இரண்டுக்கும் நடுவில் மாட்டி, வெல்டிங்கில் விரிசல் விழும். சீட்டும் பெல்ட்டும் பாடியில் இருக்கின்றன. ஆளும் கூடும் ஒரே பொருளோடு சேர்ந்து நகர வேண்டும். அதனால் மெயின் ஹூப்புக்கு இரண்டு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என ஆறு கால்களையும் பாடியிலேயே வைத்தோம், பாடி சேஸிஸில் உட்காரும் பாடி மவுண்ட்டுகளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே. கூடவே, பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் பழைய போல்ட்டுகளையும் நசுங்கிய ரப்பர்களையும் எல்லாவற்றையும் மாற்றினோம். துருப்பிடித்த பாடி மவுண்ட்டை வைத்துக்கொண்டு மேலே கூடு கட்டுவதில் அர்த்தமே இல்லை.

தரைத் தகடு மெல்லியது. நேரடியாக அதன்மேல் பைப்பை நிறுத்தினால் உருளும்போது பைப் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். மெயின் ஹூப், முன்கால்களின் அடியில் 3 மி.மீ. கனத்தில் குறைந்தது 120 சதுர செ.மீ. வலுவூட்டும் தகடு வேண்டும், பின்கால்களுக்கு 60 சதுர செ.மீ. போதும் என்கிறது விதி. நாம் எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினோம். தகட்டை எல் வடிவில் மடித்து, பாதி தரையிலும் பாதி பக்கவாட்டுச் சுவரிலும் உட்காரும்படி வைத்தோம். அப்போது விசை இரண்டு திசையில் பரவும். மூலைகளை உருட்டினோம், ஏனென்றால் கூர்மூலைதான் விரிசல் தொடங்கும் இடம். ஒவ்வொரு காலுக்கும் 8.8 கிரேடு போல்ட்டுகள், விதி கேட்கும் எம்8க்குப் பதில் எம்10.

தகடு வைக்கும் முன் அடியில் இருந்த பழைய அண்டர்கோட்டிங்கைச் சுரண்டினால் ஓட்டுநர் பக்கத்தில் துரு. சுத்தியலால் லேசாகத் தட்டினாலே உதிர்ந்தது. டிங்கரிடம் கொடுத்து அந்தத் துண்டையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட்ட பிறகுதான் மேலே போனோம். பழைய ஜிப்ஸியில் இந்த வேலை பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கும், அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

குறுக்குக் குழாய்

நாலு பைப்பால் ஒரு சதுரம் கட்டினால் பக்கத்திலிருந்து தள்ளும்போது அது சாய்சதுரமாகப் படுத்துவிடும். மூலைக்கு மூலை ஒன்று சேர்த்தால் இரண்டு முக்கோணம், அது படுக்காது. பந்தல் போடுகிறவர்கள் காற்றுக்கு அஞ்சிக் குறுக்கே ஒரு மூங்கில் கட்டுவது இதே காரணத்துக்குத்தான். மெயின் ஹூப்புக்குள் எக்ஸ் வடிவில் இரண்டு, கூரையில் எக்ஸ், ஒவ்வொரு கதவிலும் எக்ஸ். மெயின் ஹூப்பைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்டே பைப்புகள் வளைவே இல்லாமல் நேராக, செங்குத்துக்கு 30 டிகிரிக்குக் குறையாமல் பின்னோக்கிப் போக வேண்டும். ஜிப்ஸியின் பின்பகுதி நீளமாக இருப்பதால் இது சுலபமாகவே அமைந்தது.

கதவு பைப்பால் ஏறி இறங்குவது சிரமம் என்று நண்பர் முனகினார். எக்ஸின் மையத்தைக் கொஞ்சம் தாழ்த்தினோம், ஆனால் எடுக்கவில்லை. ஜிப்ஸிக் கதவு வெறும் இரண்டு தகடு. பக்கவாட்டில் மரத்தில் மோதினால் இடுப்புக்கு முன்னால் வேறு ஒன்றும் கிடையாது.

எஃப்ஐஏ முறையில் ஒரு கூட்டைச் சோதித்துச் சான்றளிக்கும்போது மெயின் ஹூப்பின்மேல் வைக்கும் செங்குத்து அழுத்தம் வண்டி எடையோடு 150 கிலோ கூட்டி, அதைப்போல் ஏழரை மடங்கு. அப்படி அழுத்தியும் 50 மி.மீ.க்கு மேல் அமுங்கக் கூடாது. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள ஜிப்ஸிக்கு இது எட்டரை டன் பக்கம் வருகிறது. வண்டி உருளும்போது மெதுவாகச் சாய்ந்து உட்காராது, ஒரு மூலையில் இடித்து விழும் என்பதால்தான் இவ்வளவு. பஸ்களுக்கும் இதே சிந்தனையில் விதி இருக்கிறது. ஐரோப்பாவின் ஆர்66, நம் நாட்டின் ஏஐஎஸ்-031 இரண்டும் பஸ்ஸைப் பக்கவாட்டில் கவிழ்த்து, பயணி உட்காரும் இடத்துக்குள் எந்தச் சட்டமும் நுழையக் கூடாது என்று கேட்கின்றன.

முன்பம்பருக்கும் தடியான இரும்பு கார்டு ஒன்றைப் போட்டுக் கூட்டோடு இணைத்துவிடலாம் என்று நண்பர் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். பெலா பாரென்யி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களிலேயே சொல்லிவிட்டார்: வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி விசையை வாங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் பகுதி மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும். மூக்கையும் விறைப்பாக்கினால் மோதலின் அடி முழுவதும் பெல்ட் வழியாக நெஞ்சுக்கு வரும். சாலையில் எதிரே வருகிறவருக்கும் அந்த கார்டு ஆபத்து. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியதும் இந்தக் காரணங்களால்தான்.

வெல்டிங்

"பைப்ப அளவா வெட்டிப் பொருத்தறதுதானுங்க தம்பி வேலை. பத்தவைக்கறது கடைசிலங்க" என்பார் வெல்டர் அண்ணன். ஒரு பைப் இன்னொன்றின் வளைவில் போய் உட்கார அதன் முனையை அரைவட்டமாகக் குடைய வேண்டும். ஹோல் சாவில் குடைந்து, அரத்தால் தேய்த்து, வெளிச்சத்தை எதிரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தோம். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பி மூடிவிடலாம் என்ற எண்ணம் இந்த வேலையில் வரக் கூடாது.

கூடு முழுவதையும் முதலில் டேக், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டிங், மட்டும் வைத்துக் கட்டி, தூக்குக்குண்டும் மூலைமட்டமும் வைத்துச் சரிபார்த்தோம். பிறகு மறுபடியும் இருவரையும் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார வைத்தோம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது முழங்கை கதவு பைப்பில் இடிக்கிறதா, கையைக் கீழே போட்டால் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எட்டுகிறதா என்றெல்லாம் பார்த்து, ஒரு குறுக்குக் குழாயை இடம் மாற்றினோம். டேக் நிலையில் அது கிரைண்டரில் ஒரு நிமிட வேலை.

அப்புறம் முழு வெல்டிங். சிஓ2 வெல்டிங்கில் செய்தோம், தலைக்கு அருகே வரும் சில மூட்டுகளை மட்டும் ஆர்கானில். அதற்கு முன் அதே பைப் துண்டுகளில் மாதிரி மூட்டு வைத்து, ரம்பத்தால் குறுக்கே அறுத்து, உலோகம் வேர்வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார் அண்ணன். இன்னொரு மாதிரியை வைஸில் பிடித்துச் சம்மட்டியால் மடக்கினார். பைப் மடங்கியது, மூட்டு பிரியவில்லை. அதன்பிறகே மெஷினின் செட்டிங்கைப் பூட்டினார்.

கூரையுள்ள கார்களில் மேல்மூட்டுகளின் பின்பக்கம் வெல்டிங் டார்ச் போகாது, பலர் அந்தப் பக்கத்தை வெல்டிங் வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஜிப்ஸியில் துணியை அவிழ்த்ததும் சுற்றிலும் கை போகிறது. இது பெரிய வசதி. ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் சூட்டில் கூடு இழுத்துக்கொள்ளும் என்பதால் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தார். தொடங்கும் முன் பாட்டரி, ஈசியூ (இன்ஜினின் கணினி), பெட்ரோல் டேங்க் மூன்றும் வண்டியைவிட்டு வெளியே. முக்கிய மூட்டுகளில் மூலையை வலுப்படுத்தும் கசெட் தகடுகள். அழகுக்காக வெல்டிங்கைக் கிரைண்டரால் வழிக்கவில்லை. வழித்தால் பிடிமானம்தான் குறையும்.

தகடுகளோடு சேர்த்துக் கூடு 70 கிலோவை ஒட்டி வந்தது. துணிக்கூரை வண்டிக்கு இந்த எடை மேலே ஏறுவது நல்லதில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை.

பேடிங்: பாதி வேலை இதுதான்

பெயின்ட் காய்ந்ததும் வேலை முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கணத்தில் வண்டி முன்பைவிட ஆபத்தானதாகத்தான் இருந்தது. தலையைச் சுற்றி நாலாபுறமும் வளையாத இரும்பைக் கட்டியிருக்கிறோம். வண்டி உருண்டால் கூடு நசுங்காது. ஆனால் உள்ளே இருப்பவர் அதில் போய் மோதுவார்.

ஒரு சின்னக் கணக்கு. தலை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டரில், வெறும் பைப்பில் மோதி 3 மி.மீ. தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேக இழப்பு புவியீர்ப்பைப் போல் 425 மடங்கு. அதே தலை 25 மி.மீ. பேடிங்கில் மோதி, அது 17 மி.மீ. அமுங்கி நிறுத்துகிறது என்றால் 75 மடங்கு. வித்தியாசம் முழுவதும் அந்த 14 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 17 மி.மீ. முழுவதும் பேடிங் எதிர்த்துக்கொண்டே அமுங்க வேண்டும். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் பல வண்டிகளில் கேஜ் பேடிங்காக மாட்டியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் விரல் பைப்பைத் தொட்டுவிடும். தலை வந்தால் எதையும் வாங்காமல் அமுங்கிவிட்டு, மிச்ச வேகத்தோடு இரும்பிடம் ஒப்படைக்கும். பார்வைக்கு மெத்தென்று இருப்பது பாதுகாப்பு இல்லை. தலைக்கான பேடிங் கையால் அழுத்தினால் கெட்டியாகத்தான் இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி.

ஹெல்மெட் படக்கூடிய இடங்களுக்கு எஃப்ஐஏ 8857-2001 டைப் ஏ, அல்லது அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ 45.1 தரச்சான்று உள்ள பேடிங் கிடைக்கிறது. வெளியூரிலிருந்து வரவழைத்தோம், விலை அதிகம்தான். இந்த ரகத்தில் பைப் உட்காரும் துளை நடுவில் இருக்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பவை உண்டு, தடித்த பக்கம் தலையை நோக்கி வர வேண்டும். பைப்பின் பின்பக்கத்தில் தடிப்பை வைத்து மாட்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

எங்கெல்லாம் தலை படும் என்பதைக் கண்ணால் ஊகிக்காமல், ஹெல்மெட்டின்மேல் சாக்பீஸ் பூசி, பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இருவரையும் எல்லாத் திசையிலும் சாயச் சொன்னோம். பைப்பில் வெள்ளை ஒட்டிய இடங்களைக் குறித்து, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாகப் பேடிங் போட்டோம். கோ-டிரைவர் பக்கத்தில் கூரை எக்ஸின் மையத்திலேயே ஹெல்மெட் பட்டது. கசெட் தகட்டின் ஓரமும் அங்கேதான் இருந்தது, அதை மடக்கி உருட்டிய பின் மூடினோம்.

கால், முழங்கால், தோள் படும் இடங்களுக்கு வேறு கணக்கு. அங்கே ஹெல்மெட் கிடையாது, சதையும் எலும்பும்தான். அதனால் கொஞ்சம் மிருதுவான, அதே நேரம் தீப்பிடிக்காத ஃபோம் போட்டோம். கதவு பைப்பின் உட்புறம், ஸ்டியரிங் காலத்தின் அடிப்பகுதி, டேஷ்போர்டின் கீழ்விளிம்பு ஆகியவை இதில் அடங்கும். வாங்கிய ஃபோமில் ஒரு துண்டை வெட்டி, பட்டறைக்கு வெளியே லைட்டரால் கொளுத்திப் பார்த்தோம். லைட்டரை எடுத்ததும் தானாக அணைய வேண்டும், உருகிச் சொட்டக் கூடாது. ஒரு கடையில் வாங்கிய ஷீட் சொட்டியது, அதைத் தூக்கிப் போட்டோம்.

பேடிங் பைப்பில் சுழலக் கூடாது. பசை தடவி, அதன்மேல் இறுக்கமாகக் கேபிள் டை கட்டினோம். நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டியில் பசை மட்டும் நிற்காது, டை மட்டும் போட்டால் பேடிங் திரும்பிக்கொள்ளும். டையின் முடிச்சும் வெட்டிய முனையும் ஆளைப் பார்க்காத பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே முகத்தைக் கிழிக்கும்.

சீட்டும் பெல்ட்டும்

எஃப்ஐஏ 8855-1999 தரச்சான்றுள்ள பக்கெட் சீட், 8853-2016 தரத்தில் ஆறு முனை ஹார்னஸ், அதாவது பந்தய பெல்ட். சீட் தாங்கிகள் 3 மி.மீ. எஃகு, தரையில் எதிர்த்தகட்டோடு. ஸ்லைடர் போடவில்லை, ஓட்டுபவர் ஒருவரே என்பதால் நிரந்தரமாகப் பூட்டினோம். தோள் பட்டைகள் போய்ச் சேர மெயின் ஹூப்பில் ஒரு குறுக்கு பைப் வைத்தோம். பட்டைகள் தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் போக வேண்டும். செங்குத்தாகக் கீழே இழுத்துத் தரையில் கட்டினால் மோதும்போது முதுகெலும்பு நசுங்கும். பெல்ட்டின் காலாவதித் தேதி லேபிளில் இருக்கும், வாங்கும்போதே பாருங்கள்.

ஜன்னல் பக்கம் வலை போட்டோம். உருளும்போது கை தானாக வெளியே போகும், அதைத் துணி ஜன்னல் தடுக்காது. கூட்டின் அடியில் சிக்கி விரல்களை இழந்தவர்கள் இந்த விளையாட்டில் உண்டு.

எல்லாம் முடிந்ததும் நண்பர், "வீட்ல எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஒரு தடவை ஊட்டி போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கூட்டின் பைப்புகள் ஹெல்மெட் போட்ட, ஆறு முனைப் பெல்ட்டில் இறுக்கிக் கட்டிய ஆளைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை. ஹெல்மெட் இல்லாத தலைக்குச் சாதாரணச் சாலை விபத்திலேயே அவை எமன். பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்தால் ஸ்டே பைப் அவர்கள் நெற்றிக்கு நேராக இருக்கும். சட்டமும் ஒத்துக்கொள்ளாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பின்சீட்டை அன்றே கழற்றினோம். போட்டிக்கு வண்டி டிரெய்லரில்தான் போகிறது.

போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் அதிகாரி பைப் அளவையும் கால் தகடுகளையும் பார்த்தார், மில் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்தார், பேடிங்கைக் கையால் முறுக்கிச் சுழல்கிறதா என்று சோதித்தார். அனுமதி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் கால் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்க்கிறோம். வெல்டிங்கை ஒட்டிய பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறோம். அதற்காகவே கூட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தது. ஒருமுறை அடிபட்டு அமுங்கிய பேடிங் வெளியே பழைய வடிவத்துக்கு வந்தாலும் உள்ளே உடைந்திருக்கும், மாற்றித்தான் ஆகவேண்டும். கூடு வளைந்தால் நிமிர்த்தக் கூடாது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புது பைப் போட வேண்டும். கோ-டிரைவர் மாறினால் சாக்பீஸ் சோதனை மறுபடி முதலிலிருந்து நடக்கும். அடுத்த சீசனுக்கு வருகிறவர் இன்னும் உயரம், அவருக்காக இடதுபக்கச் சீட்டை ஒட்டிய கூரை பேடிங்கை இந்த வாரம் அளந்துகொண்டிருக்கிறேன்.